தாய்மார் கேட்கக் கூடாத மன்றாட்டு



பங்குக் குருக்களாகிய நம்மிடம் மக்கள் கொண்டுவரும் வேண்டுதல்கள் பலவகை. மழைக்காகவும், மகளுக்கு நல்ல வரன் அமைவதற்காகவும், மகனுக்கு வேலை கிடைப்பதற்காகவும், தீராத வழக்கு தீர்வதற்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்கிறார்கள். இவற்றையெல்லாம் பீடத்திற்கு எடுத்துச் செல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் 'ஆமென்' சொல்ல நாவெழாத வேண்டுதல் ஒன்றுண்டு. "சாமி, எனக்கு ஒரு நாள் முன்னாடி ஆண்டவர் இவனைக் கூப்பிட்டுக்கணும். அதுக்கு மட்டும் வேண்டிக்குங்க."

கேட்பவள் எழுபதை நெருங்கிய தாய். அருகில் நிற்பவன் நாற்பது வயது மகன். இதனை ஒருத்தியிடம் மட்டும் நாம் கேட்டதில்லை. வெவ்வேறு பங்குகளில், வெவ்வேறு தாய்மார் ஏறத்தாழ இதே சொற்களில் கூறக் கேட்டிருக்கிறோம். பெற்ற பிள்ளை தனக்கு முன்னே மரிக்க வேண்டுமென்று மன்றாடும் தாயை அன்பற்றவள் என்று எண்ணிவிடலாகாது. அவள் தன் சாவுக்கு அஞ்சவில்லை. அச்சாவுக்கு மறுநாள் விடியும் அவனுடைய காலைப்பொழுதுக்கு அஞ்சுகிறாள். அன்று அவனை எழுப்புவது யார்? இன்ன தட்டில், இன்ன முறையில் வைத்தால்தான் உண்பான் என்பதை அறிந்தவர் யார்? பல் வலித்தாலும் சொல்லத் தெரியாமல் தலையைச் சுவரில் மோதும்போது, 'இது பிடிவாதம் அன்று, வலி' என்று கண்டுகொள்பவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை இல்லாததால்தான் அந்த மன்றாட்டு பிறக்கிறது.

இவ்விதழில் நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது இத்தகைய மகன்களையும் மகள்களையும் பற்றியே. ஆட்டிசம் எனப்படும் நிலையோடு பிறந்து, இன்று வளர்ந்து ஆளாகிவிட்டவர்கள் இவர்கள்.

குழந்தைகள் வளர்கிறார்கள்

ஆட்டிசம் என்பதைப் பத்திரிகைகள் மதியிறுக்கம் என்றும் எழுதுகின்றன. இது தொற்றுநோய் அன்று; பைத்தியம் அன்று; பேய்க்கோளாறோ, முன்னோர் செய்த பாவத்தின் விளைவோ அன்று; தாய் சரியாக வளர்க்காததால் வந்ததும் அன்று. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. பிறருடன் பேசிப் பழகுவதில் இடர்ப்பாடும், மாறாத ஒழுங்குகளின்மீது பற்றும், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றைத் தாங்குவதில் வேறுபாடும் இதன் அடையாளங்கள். இந்நிலையில் உள்ளவருள் கல்லூரியில் பட்டம் பெறுவோரும் உண்டு. வாழ்நாள் முழுதும் ஒரு சொல்லும் பேசாதவரும் உண்டு.

1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மருத்துவர் லியோ கானர், 11 சிறுவர் சிறுமியரைப் பற்றி எழுதிய கட்டுரையே இந்நிலையை மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தது. அன்று தொட்டு ஆட்டிசம் என்றவுடன் எல்லாருடைய மனத்திலும் எழுவது ஒரு குழந்தையின் உருவமே. ஐக்கிய நாடுகள் சபை 2007இல் தீர்மானித்தபடி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 2ஆம் நாள் ஆட்டிச விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று நாளிதழ்களில் வரும் படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் குழந்தைகளே. ஆனால் குழந்தைகள் குழந்தைகளாகவே நின்றுவிடுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்குத் தரும் மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிச நிலையில் உள்ளார். இக்கணக்கை நம் நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போமாயின், 20 லட்சம் பேர் வாழும் ஒரு மாவட்டத்தில் ஏறத்தாழ 15,700 பேர். 5,000 ஆன்மாக்களைக் கொண்ட ஒரு பங்கில் ஏறத்தாழ 40 பேர். எல்லாருக்கும் பெருந்துணை தேவைப்படுவதில்லை. ஆயினும் நம் பங்கின் குடும்பப் பதிவேட்டைப் புரட்டினால், அந்த 40 பேரில் எத்தனை பேரின் முகத்தை நாம் அறிவோம்?

அமெரிக்காவில் 8 வயதுக் குழந்தைகளைக் கணக்கெடுத்தபோது, 2000ஆம் ஆண்டில் 150 பேருக்கு ஒருவர் என்றும், 2022ஆம் ஆண்டில் 31 பேருக்கு ஒருவர் என்றும் கண்டார்கள். இதைக் கண்டு திடுக்கிட வேண்டுவதில்லை. வரையறை விரிந்ததும், மருத்துவரும் ஆசிரியரும் கண்டறியப் பழகியதுமே இவ்வளர்ச்சிக்குப் பெருங்காரணங்கள். 2007இல் இங்கிலாந்தில் வீடுவீடாகச் சென்று எடுத்த ஓர் ஆய்வு, வயதுவந்தோரிலும் 100 பேருக்கு ஏறத்தாழ ஒருவர் இந்நிலையில் உள்ளார் என்றும், இளைஞருக்கும் முதியவருக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை என்றும் கண்டது. அதாவது, இவர்கள் என்றும் நம்மிடையே இருந்து வந்தவர்களே. ஊரில் 'ஒரு மாதிரியானவன்' என்று பெயர் பெற்று, திண்ணையிலோ பின்கட்டிலோ வாழ்ந்து மறைந்தார்கள்.

இக்கணக்கிலிருந்து திட்டமிடுவோர் கற்க வேண்டிய பாடம் எளியது. 2000ஆம் ஆண்டில் 8 வயதினராக எண்ணப்பட்டவர்கள் இன்று முப்பதைக் கடந்தவர்கள். 2022இல் 8 வயதினராக எண்ணப்பட்டவர்கள் 2032இல் 18 வயதை அடைவார்கள். மழை எப்போது வரும் என்பதைக் கணிப்பது கடினம். பிறந்துவிட்ட பிள்ளைக்கு எப்போது 18 வயது ஆகும் என்பதைக் கணிக்க வானிலை அறிஞர் தேவையில்லை.

ஓர் ஊர் காத்த மனிதர்

மருத்துவர் கானர் எழுதிய 11 பேரில் முதலாமவர், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்டு டிரிப்லெட். 1933இல் பிறந்தவர். அக்கால மருத்துவரின் அறிவுரைப்படி பெற்றோர் அவரைச் சிறு வயதிலேயே ஒரு விடுதியில் விட்டார்கள். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் மனம் பொறாது வீட்டிற்கு அழைத்து வந்தார்கள். பின்னர் ஒரு வேளாண் குடும்பத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த எளிய தம்பதியர், எண்ணிக்கொண்டே இருக்கும் அவருடைய பழக்கத்தைத் தடுக்கவில்லை. சோளக்கொல்லையின் வரிசைகளை எண்ணச் சொல்லி அதையே வேலையாக்கினார்கள். அவர் கல்லூரியில் படித்து 1958இல் பட்டம் பெற்றார். ஊர் வங்கியில் பல்லாண்டுகள் பணியாற்றினார். கார் ஓட்டினார், பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். பெற்றோர் மறைந்த பின்னும் அதே ஊரில், அதே வீட்டில் வாழ்ந்து, 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 89ஆம் வயதில் காலமானார்.

அவருடைய வாழ்வைச் செம்மையாக்கியது எது? அவருக்கு வாய்த்த திறமைகள் ஒருபுறம் இருக்க, அவ்வூரார் அவரை அவராகவே ஏற்றுக்கொண்டார்கள். தெருவில் அவருடைய விந்தையான செயல்களைக் கண்டு சிரிக்கவில்லை. வங்கியில் அவருக்கென ஓர் இடம் இருந்தது. தமக்குப் பின் அவர் தடுமாறாதிருக்கப் பெற்றோர் பொருளும் வைத்துச் சென்றார்கள். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அந்த வங்கியில் அவருடைய தாய்வீட்டாருக்குப் பங்கு இருந்தது; தந்தையார் வழக்கறிஞர். நம் பங்கிலுள்ள கொத்தனாரின் மகனுக்கும் மீனவரின் மகளுக்கும் சொந்த வங்கி ஏது? செல்வர் வீட்டுப் பிள்ளைக்குச் செல்வம் செய்ததை, ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் செய்ய வேண்டுவது எது? பொதுச் சேவை என்று நாம் கூறுவது அதனைத்தான்.

கீல் நகர் கற்பிக்கும் பாடம்

நம் திருச்சபையின் வரலாற்றில் இதற்கோர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. பெல்ஜியம் நாட்டில் கீல் என்றொரு நகரம். அயர்லாந்திலிருந்து தப்பி வந்து அங்கே வேதசாட்சியாக மரித்தவராக மரபு போற்றும் புனித டிம்ப்னாவின் கோயில் அங்குள்ளது. மனநலம் குன்றியோருக்கு அவர் பாதுகாவலி. இடைக்காலத்தில் தொலைதூரங்களிலிருந்து உறவினர்கள் நோயாளரை அழைத்து வந்து, கோயிலை ஒட்டிய அறைகளில் ஒன்பது நாள் தங்கி வேண்டுதல் செய்தார்கள். கூட்டம் பெருகி இடம் போதாதபோது, ஊர்மக்கள் தங்கள் வீடுகளைத் திறந்தார்கள். விருந்தினராக வந்தவர்கள் வீட்டாராயினர், வயலில் உடன் உழைத்தார்கள், குழந்தைகளைத் தாலாட்டினார்கள். பெற்றோர் இறந்தால் அவர்தம் பிள்ளைகள், 'இவர் எங்கள் வீட்டவர்' என்று தொடர்ந்து பேணினார்கள்.

இது பலர் அறிந்த கதை. ஆனால் அடுத்த பகுதியை நாம் போதிய அளவு சொல்வதில்லை. ஊராரின் நல்ல மனம் ஒன்றினாலேயே அவ்வழக்கம் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்துவிடவில்லை. முதலில் கோயில் நிர்வாகம் எந்த வீட்டில் யார் தங்குவது என்பதை ஒழுங்கு செய்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெல்ஜிய அரசு பொறுப்பேற்று, மருத்துவரை நியமித்து, வீடுகளைப் பார்வையிட்டது. வைத்துப் பேணும் குடும்பத்திற்கு உதவித்தொகையும் தரப்பட்டது. 1938இல் ஏறத்தாழ 3,700 பேர் அவ்வாறு வீடுகளில் தங்கியிருந்தார்கள். இன்று தொகை மிகக் குறைந்துவிட்ட போதிலும் அவ்வழக்கம் மறையவில்லை. 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனைப் பேணிப் பாதுகாக்கத்தக்க நற்செயல்முறைகளின் பட்டியலில் சேர்த்தது.

ஆட்டிசமும் மனநோயும் ஒன்றல்ல. ஆயினும் பாடம் பொதுவானது: அன்புக்கு ஒழுங்கு துணையாயிற்று, ஒழுங்குக்கு அன்பு உயிராயிற்று. திறந்த வீடு மட்டும் இருந்து, பின்னால் மருத்துவரும் உதவித்தொகையும் இல்லாதிருந்தால், அவ்வீட்டார் சில ஆண்டுகளில் சோர்ந்து கதவை மூடியிருப்பார்கள். விதிகள் மட்டும் இருந்து வீடுகள் இல்லாதிருந்தால், மற்ற நாடுகளைப் போல அங்கும் உயர்ந்த மதிற்சுவர்களே எழுந்திருக்கும்.

பதினெட்டாம் வயது வாசல்

இனி, நம் நாட்டின் நிலையைக் காண்போம். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே குறித்தது. ஆட்டிசம் அதில் இடம் பெறவில்லை. பின்னர் 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம் உள்ளிட்ட நான்கு நிலைகளுக்கென்றே இயற்றப்பட்ட சட்டம் அது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளை ஏற்று, ஆட்டிசத்தையும் சேர்த்துக்கொண்டது. அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கி, அதில் 1 விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மனநோய் முதலிய பிரிவினர் பகிர்ந்துகொள்ளவும் வகை செய்தது. தமிழகச் சட்டமன்றம் 2025இல் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு நியமன உறுப்பினர் இடம் அளிக்கும் திருத்தங்களை நிறைவேற்றியது. இவையெல்லாம் நன்றியோடு ஏற்கத்தக்கவை.

எனினும், 2016ஆம் ஆண்டுச் சட்டம் இலவசக் கல்வியை உறுதி செய்வது 6 வயது முதல் 18 வயது வரை. பதினெட்டாம் பிறந்தநாளில் பள்ளிக்கதவு மூடுகிறது. மறுநாள் திறக்கும் கதவு எது? சிறப்புப் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் பாடுபட்டு, தானே உடுத்தவும், வரிசையில் நிற்கவும், கூடை முடையவும் கற்ற இளைஞன், வீட்டில் ஓர் ஆண்டு சும்மா அமர்ந்திருந்தால் கற்றவற்றில் பலவற்றை இழந்துவிடுகிறான். அதே நாளில் சட்டத்தின் கண்ணுக்கு அவன் வயதுவந்தவன் ஆகிறான். பெற்ற தாயும் அதன்பின் அவனுக்குச் சட்டப்படியான பாதுகாவலர் அல்லள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்துதான் அவ்வுரிமையைப் பெற வேண்டும். இதை அறியாத பெற்றோர் எத்தனையோ பேர்.

நான்காம் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பெத்சதா குளத்தைப் பற்றி வாசிக்கிறோம். ஐந்து மண்டபங்கள் கொண்ட பெரிய குளம். எல்லாருக்கும் பொதுவானது, கட்டணம் கிடையாது. அதன் கரையில் 38 ஆண்டுகளாக நோயுற்ற ஒருவர் படுத்திருந்தார். நலம்பெற விரும்புகிறாயா என்று ஆண்டவர் கேட்டபோது, அவர் தம் நோயைப் பற்றி முறையிடவில்லை. தண்ணீர் கலங்கும்போது தம்மை இறக்கிவிட ஆளில்லை என்பதையே முறையிட்டார். அவர் இறங்குவதற்குள் வேறொருவர் முந்திவிடுகிறார்.

நம் நாட்டில் சட்டம் என்னும் குளம் வெட்டியாயிற்று. மண்டபங்களும் எழுப்பியாயிற்று. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர், அலுவலகத்தில் அறிமுகம் உள்ளவர், நகரத்தில் வாழ்பவர் முந்திக்கொள்கிறார்கள். சிற்றூரில் வாழும் கைம்பெண் தாய், சான்றிதழுக்காக மருத்துவக் குழுவின் முன் மகனை அழைத்துச் செல்ல இரண்டு பேருந்து மாற வேண்டும். அந்த இரைச்சலில் அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். நடத்துநர் இறங்கச் சொல்வார். அவள் திரும்பி வந்துவிடுகிறாள். 'திட்டம் இருக்கிறது, மனுதான் வரவில்லை' என்று ஏடு சொல்கிறது. ஏட்டுக்கும் அவளுக்கும் இடையே ஓர் ஆள் இல்லை.

திட்டமிட வேண்டியவை ஐந்து

2009இல் இங்கிலாந்து, ஆட்டிசத்துக்கெனத் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் சிறப்பு யாதெனில், வயதுவந்தோரைக் குறித்தே அது பேசுகிறது. அவர்களுக்கான செயல்திட்டத்தை 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளுக்குள் வெளியிட வேண்டுமென்று அரசுக்கே நாள் குறித்தது. வயதுவந்தோரைக் கண்டறிதல், தேவைகளை மதிப்பிடுதல், பிள்ளைப் பருவத்திலிருந்து வயதுவந்த பருவத்துக்கு மாறும்போது திட்டமிடுதல், பணியாளரைப் பயிற்றுவித்தல் ஆகியவற்றை வழிகாட்டு நெறிகளில் சேர்த்தாக வேண்டுமென்றது. அங்கும் குறைகள் நீங்கிவிடவில்லை. கண்டறியும் சோதனைக்கே நெடுங்காலம் காத்திருப்போர் மிகப்பலர். எனினும், எதைத் திட்டமிட வேண்டும் என்பதை அச்சட்டம் தெளிவாக்கியது. நம் நாட்டுச் சூழலுக்கேற்ப ஐந்து தேவைகளை நாம் முன்வைப்போம்.

முதலாவது, கணக்கு. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகக் கூறிற்று. ஆனால் அதில் ஆட்டிசத்துக்கெனத் தனிப்பிரிவு இல்லை. எண்ணப்படாதவருக்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை. ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் வாழும் இத்தகையோரையும் அவர்தம் பெற்றோரின் வயதையும் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் தாயின் வயது எழுபது என்பது, மகனின் தேவை எவ்வளவு அவசரமானது என்பதைக் காட்டும் எண்.

இரண்டாவது, கைமாற்றம். பிள்ளைக்கு 14, 15 வயது ஆகும்போதே பள்ளியும் பெற்றோரும் மாவட்ட அலுவலரும் ஒருங்கே அமர்ந்து, 18க்குப் பின் எங்கே, யாருடன், என்ன வேலை என்பதை எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, பகல்நேர மையமும் வேலையும். எல்லாராலும் வங்கியில் பணிபுரிய இயலாது. ஆனால் நாற்றங்காலில் பை நிரப்பவும், அச்சகத்தில் தாள் அடுக்கவும், பேக்கரியில் பெட்டி மடிக்கவும், நூலகத்தில் நூல்களை வரிசைப்படுத்தவும் இவர்களுள் பலர் மற்றவரைவிடப் பிழையின்றிச் செய்வார்கள். ஒழுங்கின்மீது அவர்களுக்குள்ள பற்றே அங்கு முதலீடாகும். உழைப்பு கூலிக்காக மட்டும் அன்று. மனிதனின் மாண்புக்காகவும் ஆம்.

நான்காவது, இல்லம். பெற்றோருக்குப் பின் வாழ்வதற்கான சிறு இல்லங்கள், பழகிய ஊரிலேயே அமைய வேண்டும். தேசிய அறக்கட்டளையின் கரோண்டா என்னும் திட்டம் 18 வயதுக்கு மேற்பட்டோர் வாழ்நாள் முழுதும் தங்குவதற்கான இல்லங்களுக்கு வழிசெய்கிறது. ஆனால் தேவைக்கு முன் அவ்வில்லங்கள் மிகச் சில. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, ஒரு வாரமாவது பிள்ளையை நம்பி விட்டுச் செல்லக்கூடிய இடைக்காலத் தங்குமிடமும் வேண்டும். கண்புரை அறுவைக்குக்கூடப் போக முடியாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் தாய்மாரை நாம் அறிவோம்.

ஐந்தாவது, பணியாளருக்குப் பயிற்சி. அரசு மருத்துவமனைச் செவிலியர், காவலர், வங்கி எழுத்தர், நியாயவிலைக் கடைக்காரர் ஆகியோர் இந்நிலையை அறிந்திருக்க வேண்டும். கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் அதே கேள்வியைத் திருப்பிச் சொல்லும் இளைஞனைத் திமிர் பிடித்தவன் என்றும், வழிதவறி அலைபவனைக் குழந்தை கடத்துபவன் என்றும் எண்ணித் தாக்கும் கொடுமை நேராதிருக்க, காவல் நிலையத்தில் ஒருவருக்கேனும் இவ்வறிவு வேண்டும்.

நீதியா, தருமமா?

'இத்தனைக்கும் பணம் எங்கே?' என்று சிலர் வினவுவார்கள். திட்டமிடாவிட்டால் செலவு மறைந்துவிடுவதில்லை. அது ஒரே ஒருவர் தலையில் விழுகிறது. பெரும்பாலும் அவள் அக்காளாகவோ தங்கையாகவோ இருப்பாள். அண்ணனைப் பேணுவதற்காக மணவாழ்வைத் துறந்தவர்களும், வேலையைத் துறந்தவர்களும் நம் பங்குகளில் உண்டு. அவர்களுடைய தியாகத்தைப் போற்றுகிறோம். ஆனால் ஒருத்தியின் தியாகத்தையே திட்டமாகக் கொள்ளும் சமுதாயம் தன்னைப் பற்றிப் பெருமைப்பட இயலாது.

'கன்னியர் மடத்தில் சேர்த்துவிடலாமே' என்பார் வேறு சிலர். அருட்சகோதரிகள் நடத்தும் இல்லங்கள் பல ஏற்கெனவே நிறைந்துள்ளன. அவர்களிலும் இளையோர் குறைந்து வருகின்றனர். இதிலும் மேலானதொரு காரணம் உண்டு. நீதியின்படி ஒருவருக்குச் சேர வேண்டியதைத் தருமமாகக் கொடுத்துவிட்டு நிறைவடையலாகாது என்று, 1965இல் வெளியிட்ட பொதுநிலையினர் திருத்தூதுப்பணி பற்றிய ஏட்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. நம் இல்லங்கள் அரசின் கடமைக்கு மாற்று அல்ல; வழிகாட்டியும் துணையுமே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014ஆம் ஆண்டு நவம்பரில் ஆட்டிச நிலையினரையும் அவர்தம் குடும்பங்களையும் வத்திக்கானில் சந்தித்தபோது, அவர்களைச் சூழ்ந்துள்ள தனிமையையும் அவப்பெயரையும் உடைக்குமாறும், துணைநிற்கும் சேவைகளின் வலையமைப்பு ஒன்றை உருவாக்குமாறும் எல்லாரையும் வேண்டினார். அரசையும் திருச்சபையையும் குடும்பத்தையும் அவர் தனித்தனியே பிரித்து நிறுத்தவில்லை.

இன்றே செய்யத்தக்கவை

பெற்றோரே, அரசின் திட்டம் முழுமையாகும் வரை காத்திராமல் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லையெனில் முதலில் அவற்றைப் பெறுங்கள். பிற உதவிகளுக்கெல்லாம் அதுவே திறவுகோல். நிராமயா என்னும் மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது, அதில் சேருங்கள். பிள்ளைக்கு 18 வயது நிறைந்திருப்பின், சட்டப்படியான பாதுகாவலர் நியமனத்துக்கு மனுச் செய்யுங்கள்.

உயில் எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயிலின்றிக் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகள் அனைவருக்கும் எஞ்சியதில் சம பங்கும் சேரும். ஆட்டிச நிலையிலுள்ள பிள்ளைக்கும் பங்கு உண்டு. ஆனால் அப்பங்கை யார், எப்படி, அவனுக்காகச் செலவிடுவது என்பதைச் சட்டம் தானாகச் சொல்லிவிடாது. நம்பிக்கைக்குரிய இருவர் மூவரைப் பொறுப்பாளராகக் கொண்டு ஓர் அறக்கட்டளையாக அதனை எழுதிவைக்க வழக்கறிஞர் உதவுவார். பழைய ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வரும் ஆசிரியரும் அரசு ஊழியரும், சொந்தமாகப் பிழைக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெற விதிகளில் இடமுண்டு என்பதை அறிந்து, தாம் உயிரோடு இருக்கும்போதே உரிய ஏடுகளில் அவன் பெயரைப் பதியச் செய்ய வேண்டும். இவற்றோடு ஒரு சிறு குறிப்பேட்டையும் எழுதி வையுங்கள். அவன் எதை உண்பான், எதற்கு அஞ்சுவான், வலியை எவ்வாறு காட்டுவான், எந்தப் பாடலில் அமைதியடைவான் என்பவை உங்கள் நெஞ்சில் மட்டுமே இருந்தால், அவை உங்களோடு கல்லறைக்குப் போய்விடும்.

பங்கு மக்களே, உங்களுக்கும் பணி உண்டு. ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் இத்தகைய குடும்பம் உண்டா என அறியட்டும். வின்சென்ட் தே பவுல் சபையினர் வழக்கமாக அரிசியும் மருந்தும் தருவதோடு, மருத்துவக் குழுவுக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அத்தாயுடன் ஒரு நாள் போய்வரட்டும். மனு எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இல்லாத பங்கு இல்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் அவனோடு அமர்ந்து, அந்தத் தாய் ஞாயிறு திருப்பலியில் அமைதியாகப் பங்குபெறச் செய்வதும் இரக்கச் செயலே. அவனும் உடன் வருவானாயின், ஒலிபெருக்கிக்குத் தொலைவில் ஒரு பெஞ்சை ஒதுக்கி வைப்போம். அவன் எழுந்து நடந்தால் திரும்பிப் பாராதிருப்போம். திருவிழா வாணவேடிக்கை எத்தனை மணிக்கு என்பதை அவ்வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்வோம். திருமுழுக்குப் பெற்றவன் அவன். கோயில் அவனுடைய தந்தையின் வீடு.

கிராமசபை கூடும் நாள்களில், சாலைக்கும் குடிநீருக்கும் எழும் குரல்களோடு, 'எங்கள் ஊரில் 18 வயது கடந்த பிள்ளைகளுக்குப் பகல்நேர மையம் வேண்டும்' என்ற ஒரு குரலும் எழட்டும். அதனை அத்தாய் மட்டும் எழுந்து கூறினால் அவளுடைய குடும்பச் சிக்கல் என்பார்கள்; பத்துப் பேர் கூறினால் ஊரின் தேவை என்பார்கள்.

கல்வாரியில் உயிர் பிரியும் வேளையிலும் நம் ஆண்டவர் தம் தாயை அன்புச் சீடரின் பொறுப்பில் ஒப்படைத்தார். தமக்குப் பின் தம் அன்னைக்கு யார் என்ற கேள்வியை விடையின்றி விட்டுச் செல்லவில்லை. நற்செய்தியாளர் தொடர்ந்து எழுதுகிறார்: அந்நேரமுதல் சீடர் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். திட்டம் என்பதன் முழுப்பொருளும் இதில் உண்டு: பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைத்தலும், ஒப்படைக்கப்பட்டவர் அன்றே கதவைத் திறத்தலும்.

நம் பங்கின் எழுபது வயதுத் தாய் ஒவ்வொருத்தியும், 'எனக்குப் பின் இவர்கள் இருக்கிறார்கள்' என்று நான்கு பெயர்களைச் சொல்லக்கூடிய நாள் வர வேண்டும். அந்நாளில் அவள் மகனுடைய நீண்ட ஆயுளுக்காகத் திருப்பலி கேட்பாள். அதற்கு நாமும் மனநிறைவோடு 'ஆமென்' என்போம்.